வரம்பும் கோடும்

வயலில் உழவன் வரம்பு கட்டுகிறான். தாளில் எழுதுவோன் கோடு கீறுகிறான். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. ஒருவருக்கு உரியது மற்றொருவருடையதோடு கலந்துவிடலாகாது என்பதே அது. வரம்பில்லாத வயலில் நீர் தங்காது. ஆனால் வரம்பையே அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு போனால் நெல்லுக்கு இடம் எங்கே? எலிக்கும் நண்டுக்குமே அது நல்ல குடியிருப்பாகும். கோட்டின் கதையும் இதுவே என்பதை இவ்வாரம் நேயர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கடிதம். சவளக்கடையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் பகுதிக் கமக்காரர் அமைப்பின் எழுத்து வேலைகளைப் பார்ப்பவர், எமக்கு எழுதியிருக்கிறார். உறுப்பினர் பெயர், வட்டை, காணியின் அளவு, அடையாள அட்டை இலக்கம், ஒப்பம் என்னும் தலைப்புகளில் ஓர் அட்டவணையைக் கணினியில் அமைக்க முயல்கிறாராம். "திரையிற் கோடுகள் தெரிகின்றன, அச்சிட்டால் அவற்றைக் காணோம். வேறோர் இடத்தில் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு விழுகிறது. சில பெயர்களின் தலை வெட்டுப்படுகிறது. எல்லாக் கோட்டையும் போட்டாற் பக்கம் மீன் வலைபோல் இருக்கிறது. எடுத்துவிட்டாலோ வயதானவர்கள் வரி மாறி ஒப்பமிட்டு விடுகிறார்கள். ஐயா இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்" என்று கேட்கிறார்.

கல்வியும் பண்பாடும் பேசும் இந்தப் பத்தியிற் கணினிக் கோட்டுக்கு என்ன வேலை என்று சில நேயர்கள் எண்ணலாம். இன்று நம் வீட்டுக்கு வரும் தாள்களிற் பெரும்பாலானவை அட்டவணைகளே. பிள்ளையின் நேரசூசி அட்டவணை. தவணைப் பரீட்சைப் புள்ளிகள் அட்டவணை. மின்சாரப் பட்டியல் அட்டவணை. உரத்துக்கும் நிவாரணத்துக்கும் பெயர் பதியும் தாளும் அட்டவணை. அவற்றில் ஒரு வரி தவறி வாசிக்கப்பட்டால், ஒருவருக்குரிய புள்ளி மற்றொருவருக்குச் சேரும். ஒருவரின் காணி இன்னொருவரின் காணியாகும். ஆதலின் தம்பி கேட்டது சிறு கேள்வியன்று.

எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிக் கோடு கீறும் வழக்கம் மிகப் பழையது. நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 'பிளிம்ப்டன் 322' என்னும் களிமண் பலகை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. இக்காலத்து ஈராக்கின் தென்பகுதியில், ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அது. அகலம் 13 சென்ரிமீற்றர். உயரம் 9 சென்ரிமீற்றர். சட்டைப் பையில் வைக்கத்தக்க அளவு. அச்சிறு மண்துண்டில் 15 நிரைகளும் 4 நிரல்களும் உள்ளன. நிரல்களுக்குத் தலைப்பும் உண்டு. செங்கோண முக்கோணங்களோடு தொடர்புடைய எண்கள் அவை என்பர் கணித அறிஞர். நிரலுக்கும் நிரலுக்கும் இடையே, மண் ஈரமாய் இருக்கும்போதே நெடுங்கோடு கீறியிருக்கிறான் அந்த எழுத்தன். ஆப்புப்போன்ற குறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எந்த எண் எதுவென்று தெரியாது என்பதனாலேயே கோடு அவனுக்கு வேண்டியிருந்தது. தேவை கருதிக் கீறிய கோடு அது.

பின்வந்த காலங்களிலும் கோடு எளிதிற் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட நாளிற் கோடு என்பது மெல்லிய உலோகப் பட்டை. அதனை அளந்து வெட்டி, எழுத்துகளுக்கிடையே பொருத்தி, மூலைகள் ஒட்டுமாறு இறுக்க வேண்டும். மூலையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் அச்சிற் பல் விழுந்தாற்போலத் தெரியும். அட்டவணை கோத்தல் அச்சுக்கூடத்திற் கைதேர்ந்தோர் செய்யும் வேலை. அதற்குக் கூலியும் கூடுதல். யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் அமைத்தளித்த தமிழ்த் தட்டெழுத்துப் பொறி பரவிய பின்னரும், நிமிர்ந்த கோடுகளைப் பேனாவாலும் அடிமட்டத்தாலும் கையாலேயே கீறினார்கள். நம் பாடசாலைகளில் ரோனியோ இயந்திரம் சுழன்ற காலத்தை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மெழுகுத் தாளில் ஊசிமுனையால் நீண்ட கோட்டை அழுத்திக் கீறினால் தாள் கிழிந்துவிடும். மெல்லக் கீறினாற் கோடு பதியாது. எனவே வினாத்தாளில் எங்கே கோடு இன்றியமையாததோ அங்கே மட்டுமே ஆசிரியர் கீறினார்.

கணினி வந்த தொடக்கத்திலும் இந்நிலையே. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணினி வெளிவந்தபோது, அதன் எழுத்துத் தொகுதியிற் கோட்டுத் துண்டுகள் 40 இருந்தன. படுகோட்டுக்கு ஓர் எழுத்து, நிமிர்கோட்டுக்கு ஓர் எழுத்து, நான்கு மூலைக்கும் நான்கு, சந்திக்கு ஒன்று, இரட்டைக் கோட்டுக்கு வேறு சில. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்துப் பெட்டி கட்ட வேண்டும். பெயரில் ஓரெழுத்துக் கூடினாற் சுவர் முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

இன்றோ அந்தத் தொல்லை இல்லை. 'வேர்ட்' என்னும் சொற்செயலியில் அட்டவணை ஒன்றைத் தருக என்றால், அரைப் பொயின்ட் கனத்திற் கறுப்புக் கோடுகள் எல்லாப் பக்கமும் சூழத் தயாராக வந்து நிற்கும். உழைப்பில்லை, கூலியில்லை. கோட்டுக்கு விலை இருந்த காலத்தில் மனிதன் சிந்தித்துக் கீறினான். கோடு இலவசமாய்க் கிடைக்கும் இக்காலத்திற் சிந்திக்காமற் கீறுகிறான். தம்பியின் பக்கம் மீன் வலையாய்ப் போனதன் காரணம் இதுவே.

இனி அவருடைய முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திரையில் தெரிந்த கோடு அச்சில் மறைந்தது ஏன்? திரையிற் காணும் கோடுகள் இருவகை. ஒன்று, அச்சிலும் விழும் மெய்யான எல்லைக்கோடு. மற்றொன்று, இங்கே ஒரு கலம் இருக்கிறது என்று நமக்கு மட்டும் காட்டுவதற்காக வரும் வழிகாட்டிக் கோடு. பின்னதற்குக் 'கிரிட்லைன்ஸ்' என்று பெயர். வீடு கட்டுவோர் அத்திவாரத்துக்கு முன் கட்டும் கயிற்றைப் போன்றது அது. வீட்டில் அதற்கு இடமில்லை. வேர்ட்டில் இது விட்டுவிட்ட மெல்லிய கோடாகத் தோன்றும். அட்டவணைக்குள் ஓரிடத்திற் குறியை நிறுத்தி, 'டேபிள் டிசைன்' என்னும் பகுதியில் 'போடர்ஸ்' என்பதைத் திறந்து, வேண்டிய பக்கத்துக்குக் கோடு கொடுத்தாலன்றித் தாளில் ஒன்றும் விழாது. அச்சிடுமுன் அச்சு முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். அங்கே மெய்க்கோடு மட்டுமே நிற்கும்.

ஒரு கோட்டுக்கு இரண்டாய் விழுவது ஏன்? கோடு யாருக்கு என்பதைச் சொல்லாமையால். 'போடர்ஸ் அண்ட் ஷேடிங்' என்னும் பெட்டியின் வலப்புறம், கீழ்ப்பகுதியில் 'அப்ளை ரு' என்றொரு சிறு சாளரம் உண்டு. இக்கோடு அட்டவணை முழுவதற்குமா, ஒரு கலத்துக்கா, கலத்துக்குள் இருக்கும் பந்திக்கா என்று அது கேட்கிறது. பெரும்பாலோர் அதனை நோக்குவதில்லை. பந்திக்கு என்று இருந்துவிட்டாற் கலத்தின் சுவருக்குள்ளே எழுத்தைச் சுற்றி இன்னொரு சுவர் எழும்பும், வீட்டுக்குள் வீடு. அப்படியாயின் அந்தப் பந்திக்குரிய கோட்டை 'நன்' என்று நீக்கி, அட்டவணையைத் தெரிந்து மீண்டும் இடுதல் வேண்டும். அதுவும் அன்றாயின், அட்டவணையின் இயல்புகளில், கலங்களுக்கிடையே இடைவெளி விடுக என்ற தெரிவு இயங்குகிறதா என்று பார்க்க. அது இயங்கினால் ஒவ்வொரு கலமும் தனித்தனிப் பெட்டியாகும்; அடுத்தடுத்த இரண்டு வீட்டாரும் பொதுவேலி போதாதென்று தத்தமக்கு வேலி போட்டாற்போல இரட்டைக் கோடு விழும்.

மூன்றாவது முறைப்பாடு, பெயர்களின் தலை வெட்டுப்படுவது. இது தமிழ் எழுதுவோர்க்கே சிறப்பாக உரிய துன்பம். எம் எழுத்துகள் நடுவில் மட்டும் நிற்பன அல்ல. மெய்யின் புள்ளி மேலே நிற்கிறது. இகர ஈகாரச் சுழிகள் மேலே வளைகின்றன. உகர ஊகாரங்கள் கீழே இறங்குகின்றன. வேர்ட்டின் அட்டவணையிற் கலத்தின் இடமும் வலமும் 0.19 சென்ரிமீற்றர் இடைவெளி இயல்பாகவே உண்டு. மேலும் கீழும் கொடுத்திருக்கும் இடைவெளியோ சுழி. ஆங்கில எழுத்துக்கு அது போதியதாக இருக்கலாம். தமிழுக்குப் போதாது. மேற்கோடு புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். கீழ்க்கோடு உகரத்தின் காலோடு ஒட்டிக்கொள்ளும்.

இதனால் நேர்வது அழகுக் குறைவு மட்டுமன்று. நிலத்துக்கும் நீலத்துக்கும் வேறுபாடு யாது? மேலே உள்ள ஒரு சுழியே. விடு என்பதற்கும் வீடு என்பதற்கும் அதுவே. புட்டுக்கும் பூட்டுக்கும் உள்ள வேறுபாடு அடியில் உள்ள ஒரு வளைவே. கோடு அதனை விழுங்கிவிட்டால், வாசிப்பவன் பழக்கத்தால் ஊகித்துக்கொள்ள வேண்டும். சொல்லை ஊகிக்கலாம், ஆளின் பெயரை ஊகிக்கலாமா?

மருந்து இரண்டு. அட்டவணையின் இயல்புகளிற் கலத்தின் மேலிடைவெளியும் கீழிடைவெளியும் 0.1 சென்ரிமீற்றர் அளவுக்கேனும் உயர்த்துக. நிரையின் உயரத்தைக் குறிக்குமிடத்தில் 'எக்சாக்ட்லி' என்றிருந்தால் 'அற் லீஸ்ட்' என்று மாற்றுக. முன்னது, இவ்வளவுதான் உயரம், தலை போனாலும் சரி என்னும் கட்டளை. பின்னது, குறைந்தது இவ்வளவு, வேண்டுமாயின் வளர்க என்னும் அனுமதி. தலைவெட்டு நின்றுவிடும்.

கோட்டின் கனத்தையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுவோம். ஓர் அங்குலத்தில் 72 பொயின்ட். அங்குலத்துக்கு 600 குற்றுகள் பதிக்கும் சாதாரண லேசர் அச்சுப்பொறியிற் காற் பொயின்ட் கோடு இரண்டு குற்றுக் கனம். அரைப் பொயின்ட் நான்கு. ஒரு பொயின்ட் எட்டு. முதற் பிரதியில் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் நம் நாட்டில் ஒரு பட்டியல் ஒரு பிரதியோடு நிற்பதுண்டா? போட்டோப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து பிரதி எடுத்து, அதனைக் கைப்பேசியிற் படம்பிடித்து அனுப்பி, அங்கே மறுபடியும் அச்சிடுகிறார்கள். இரண்டு குற்றுக் கோடு இரண்டாம் பிரதியில் முறியும். மூன்றாம் பிரதியில் மறையும். அழகுக்காகச் சாம்பல் நிறக்கோடு இடுவோர் இதனை இன்னும் கவனிக்க வேண்டும். கறுப்பு மையால் மட்டும் அச்சிடும் பொறி சாம்பலைப் புள்ளி புள்ளியாகவே காட்டும். படியெடுக்க எடுக்க அது பொடியாய் உதிரும். படியெடுக்கப்படும் தாளுக்கு அரைப் பொயின்ட்டுக்குக் குறையாத கறுப்புக் கோடே ஏற்றது.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், மாரி காலத்திற் கிட்டங்கித் தாம்போதியில் நீர் வடியும்வரை காத்திருந்து கடந்து, ஒரு பட்டியலிற் பெயர் பார்க்கப் போனார். பெயர் இருந்தது. ஆனால் பலமுறை படியெடுத்த அந்தத் தாளில் நிரைக்கோடுகள் மறைந்திருந்தன. பெயர் இரண்டு வரியாய் மடிந்திருந்தது. கீழ்வரியை மறுபெயர் என்று எண்ணி, அவருடைய இலக்கம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொருவர் பார்த்தபோது சரியாயிற்று. ஒரு மெல்லிய கோடு இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நாட் பொழுதும் பயணச் செலவும் மிஞ்சியிருக்கும்.

இனித் தலையாய கேள்வி. எத்தனை கோடு வேண்டும்? எங்கே வேண்டும்?

நூலச்சுக் கலையில் தேர்ந்தோர் நெடுங்காலமாகக் கூறும் விடை, மூன்று கோடு போதும் என்பதே. அட்டவணையின் தலையில் ஒன்று, தலைப்பு நிரையின் கீழ் ஒன்று, அடியில் ஒன்று. நிரல்களைக் கோட்டாற் பிரிக்காமல் வெற்றிடத்தாற் பிரிக்க வேண்டும் என்பர். 'லாடெக்' என்னும் அச்சமைப்பு முறைக்கெனச் சைமன் பியர் என்பவர் இயற்றிய 'புக்டாப்ஸ்' தொகுப்பின் கையேடு, நிமிர்கோடும் இரட்டைக்கோடும் அறவே வேண்டா என்று கண்டிப்பாக விலக்குகிறது. எட்வேட் டவ்ட்டி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தகவலைத் தாங்காத மை வீண் மை என்னும் கருத்தை வற்புறுத்தினார். பழைய மடக்கைப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இதன் பயன் தெரியும். எண்கள் நிறைந்த அந்தப் பக்கங்கள் பலவற்றில் நிரைக்கு நிரை கோடு இராது. ஐந்து நிரைக்கு ஒருமுறை சிறிது வெற்றிடம் மட்டும் இருக்கும். கண் அதனைப் பற்றிக்கொண்டு வழி தவறாமற் செல்லும்.

இவ்விதி நல்லதே. ஆயினும் விதியைக் கொண்டுபோய் அப்படியே நம் ஊர்ப் பட்டியலில் நட்டால் முளைக்காது. அறிஞர் கூறுவது வாசிப்பதற்கான அட்டவணை. தம்பி அமைப்பதோ வாசிக்கவும் வேண்டும். அதில் மக்கள் கையால் எழுதவும் வேண்டும். அவரது குழப்பத்தின் வேர் இதுதான் என்பது எமது கருத்து. வாசிக்கும் அட்டவணைக்குக் கோடு குறைய வேண்டும். எழுதும் அட்டவணைக்குப் பெட்டி வேண்டும். எழுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, மேசையிற் குனிந்து ஒப்பமிடும்போது, எல்லை தெரியாத வெற்றுத்தாள் அவருக்கு வரம்பில்லா வட்டை. பெருவிரல் பதிப்பவருக்கோ இன்னும் இடம் வேண்டும்.

ஆகவே இவ்வாறு செய்க. மேல், தலைப்பின் கீழ், அடி ஆகிய மூன்று இடத்தும் ஒரு பொயின்ட் கோடு. நிரைகளுக்கிடையே அரைப் பொயின்ட் கோடு, பெயரிலிருந்து ஒப்பம்வரை முறியாமற் செல்க; கண்ணும் கையும் அதன்மேல் நடந்து உரிய பெட்டியைச் சேரும். ஒப்பத்துக்குரிய நிரலின் இடப்புறமும் வலப்புறமும் நிமிர்கோடு இடுக. நிரையின் உயரம் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாதிருக்கட்டும். பெயருக்கும் வட்டைக்கும் இடையே, வட்டைக்கும் காணியளவுக்கும் இடையே நிமிர்கோடு வேண்டா, வெற்றிடம் போதும்.

பெயர் நிரலைப் பற்றி ஒரு சொல். நம் பகுதியின் தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரின் பெயர்களும், தந்தை பெயரோடு முழுமையாய் எழுதினால் நீண்டு இரண்டு வரியாய் மடியும். எல்லாப் பெயரும் ஒரு வரியில் அடங்குமாயின் நிரைக்கோட்டை நீக்கி, ஐந்துக்கு ஒரு கோடு இடலாம். ஒரு பெயரேனும் மடியுமாயின் நிரைதோறும் கோடு இன்றியமையாதது. இல்லையேல் மேற்கூறிய அம்மாவின் கதையே மறுபடியும் நிகழும்.

அடையாள அட்டை இலக்கத்துக்கும் போதிய அகலம் தருக. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம். பழையதற்கு அளந்த நிரலிற் புதிய இலக்கத்தை இட்டால் அது இரண்டாய் முறிந்து, இரண்டு எண்போலக் காட்டும்.

காணியளவு இதனினும் நுட்பமானது. ஓர் ஏக்கருக்கு 4 றூட். ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். இரண்டு ஏக்கர், ஒரு றூட், இருபது பேர்ச் என்பதை ஒரே நிரலில் 2 1 20 என்று நெருக்கி எழுதினால், அவசரத்தில் வாசிப்பவன் 21 என்றும் 20 என்றும் கொள்ள மாட்டானா? இங்கே நிமிர்கோடு வேண்டும். காணியளவு என்னும் தலைப்பின் கீழ் மூன்று சிறு நிரல்களாக்கி, இடையே மெல்லிய கோடு இட்டு, எண்களை வலப்பக்கம் ஒட்டி எழுதுக. புக்டாப்ஸ் கையேடு சினந்தாற் சினக்கட்டும். காணிக்காரன் கண்கலங்கக் கூடாது.

எல்லாக் கோடும் வேண்டிய அட்டவணையும் உண்டு. சாதகக் குறிப்பிற் காணும் இராசிச் சக்கரத்தை நோக்குக. நந்நான்கு கலம் கொண்ட சதுரத்தில் நடுவில் உள்ள நான்கும் ஒன்றாய் இணைந்து வெற்றிடமாக, சுற்றிலும் பன்னிரண்டு வீடுகள் நிற்கின்றன. இங்கே ஒரு கோடு அழிந்தால் வியாழன் ஒரு வீட்டிலா மறு வீட்டிலா என்று தெரியாது. கலியாணப் பேச்சே குழம்பும். அதனைக் கணினியில் அமைக்க விரும்புவோர் நான்கு நிரை நான்கு நிரல் அட்டவணை ஒன்றை இட்டு, நடு நான்கையும் தெரிந்து 'மேர்ஜ் செல்ஸ்' என்று இணைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கனத்திற் கோடு கொடுத்தாற் போதும். அவ்வாறே கணக்குப் புத்தகத்திற் கூட்டுத்தொகைக்கு மேல் ஒரு கோடும் கீழே இரட்டைக் கோடும் இடுவது பழைய மரபு. இத்துடன் கணக்கு முடிந்தது, இனி இதன் கீழ் ஒன்றும் சேர்க்கலாகாது என்று அந்த இரட்டைக் கோடு சொல்கிறது. பொருள் உரைக்கும் கோடு அது. அதனை அழகு கருதி நீக்குதல் தவறு.

இன்னும் ஒன்று. பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால், 'றிப்பீற் ஹெடர் றோஸ்' என்பதைத் தெரிவு செய்க. தலைப்பு ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தானே வரும். ஒரு நிரை பாதி இப்பக்கத்திலும் பாதி மறுபக்கத்திலும் பிளவுபடாமலிருக்க, நிரை பக்கங்களுக்கிடையே முறியலாம் என்னும் தெரிவை நீக்கிவிடுக. இவ்விரண்டையும் செய்தாற் பக்கங்கள் கலைந்தாலும் பட்டியல் கலையாது.

ஆக, இத்தனைக்கும் ஒரே உரைகல் போதும். ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக் கேட்க வேண்டும்: இதனை எடுத்துவிட்டால் யாராவது தவறாக வாசிப்பார்களா? ஆம் என்றால் இருக்கட்டும்; தடிப்பாகவே இருக்கட்டும். இல்லை என்றால் எடுத்துவிடலாம். உழவரும் வரம்பை இவ்வாறே பார்க்கிறார்கள். நீரைத் தாங்கும் வரம்பைச் செதுக்கிப் பேணுவார்கள். ஒரு வயலுக்குள் வீணாய் நிற்கும் சிறுவரம்பை உழுது நிலத்தோடு சேர்ப்பார்கள். வேண்டிய இடத்தில் நீர் செல்ல வக்கடையும் வைப்பார்கள்.

கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டிற் தொடங்கி, அதன் குடியேற்றங்கள் எழுந்தபோது, நம் அயலில் ஊர்களே இலக்கமிடப்பட்டு, நான்காம் கொலனி, ஐந்தாம் கொலனி என்று பெயர் பெற்றன. அதிகாரிகளின் அட்டவணையில் ஒரு நிரையாய் இருந்தது, இன்று கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் கொண்ட ஊராய் நிற்கிறது. தாளில் ஒரு நிரை என்பது தரையிற் பல குடும்பங்களின் வாழ்வு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? எல்லைக்கோடு என்பது மனத்தையும் தொடும் என்பதைப் பிரதேச செயலகப் பிரிவுகள் பற்றிக் கல்முனையிற் பல ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் வாதங்களைக் கேட்டோர் அறிவர். அந்த விவகாரத்துள் நாம் புகவில்லை. கோடு கீறுவோன் அதன் இருபுறமும் மனிதர் இருப்பதை நினைத்துக் கீற வேண்டும் என்று மட்டும் சொல்வோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் ஓலம். அதன்பின் வந்த நாட்களில், தங்கியிருந்தோர் பெயரும் காணாமற் போனோர் பெயரும் எழுதிய தாள்களின் முன் மக்கள் நின்ற நிலையைக் கண்டவர் மறக்க முடியாது. கையால் எழுதியவை சில; தட்டெழுதியவை சில. தந்தையர் சுட்டுவிரலை முதற் பெயரில் வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெயரில் விரல் நின்றால், அங்கிருந்து வலப்பக்கம் மெல்ல நகர்ந்தது: எந்த ஊர், எந்த முகாம், எத்தனை வயது. அந்த விரல் வழுவாமற் செல்வதற்காகவே அட்டவணையில் நிரைக்கோடு இருக்கிறது.

சவளக்கடைத் தம்பி தமது பட்டியலை அமைக்கும்போது அந்த விரலை நினைத்துக்கொள்வாராக. வேண்டாத கோடுகளை எடுத்துவிட்டு, முதலில் ஒரேயொரு பக்கத்தை அச்சிட்டு, அதனை இரண்டு முறை போட்டோப் பிரதி எடுத்து, தம் அமைப்பின் மிக முதிர்ந்த உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து, "ஐயா, உங்கள் பெயரைக் காட்டுங்கள், காணியளவைச் சொல்லுங்கள், ஒப்பமிடும் இடத்தைத் தொடுங்கள்" என்று கேட்கட்டும். அவர் தடுமாறாமற் காட்டினால் அட்டவணை நன்று. தடுமாறினால், எந்த இடத்திற் தடுமாறினாரோ அந்த இடத்திற்கே இன்னும் ஒரு கோடோ, சற்று வெற்றிடமோ வேண்டியிருக்கிறது. அதன்பின் எஞ்சிய பக்கங்களையும் அச்சிடலாம். அவருடைய முயற்சிக்கு எமது வாழ்த்து.